அந்த ஒத்தக் கேள்விக்குறி

பதினோரு வருஷம் ஒரு தமிழ் பேப்பருக்கு குடியாத்தம் ஏரியா நிருபரா இருந்தேன். நிருபர்னதும் கழுத்துல கார்டு மாட்டிக்கினு ஏசி ரூம்ல உக்கார்ற ஆளுன்னு நெனச்சுக்காதீங்க, அச்சுல வந்த நியூஸை அளந்து மாசக் கடைசியில காசு குடுப்பாங்க பாருங்க, அந்த ரகம். மோர்தானா டேம் நெறஞ்சா நியூஸு, பேரணாம்பட்டு பக்கம் யானை எறங்குனா நியூஸு, கங்கையம்மன் சிரசு திருவிழான்னா போட்டோவோட அரைப் பக்கம். எவ்ளோ எழுதியிருப்பேன்னு கணக்கே இல்ல, அதுல முக்காவாசி எனக்கே மறந்துபோச்சு, ஆனா ஒரே ஒரு தலைப்பு மட்டும் ராத்திரி படுத்தா வந்து பக்கத்துல உக்காந்துக்கும். ஆறு வார்த்தை, நடுவுல ஒரு கேள்விக்குறி.

“குழந்தை கடத்தும் கும்பல் நடமாட்டமா? மக்கள் பீதி.”

2018 ஏப்ரல் மாசம். வெயில் மண்டையைப் பொளக்குது, கரெண்ட் போயிட்டா சாயந்திரமானா தெருவே வெளிய வந்து உக்காந்துக்கும், ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு போனு. அப்பதான் அந்த வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. ஒரு பொம்பள அழுதுகினே பேசுது, வடநாட்டுல இருந்து எறநூறு பேரு எறங்கிட்டாங்களாம், கம்பளி விக்கிற மாதிரி, பிச்சை எடுக்கற மாதிரி வர்றாங்களாம், புள்ளைங்களை தூக்கிட்டுப் போயி கிட்னியை எடுத்துடறாங்களாம். பேரு இல்ல, ஊரு இல்ல, தேதி இல்ல, “நம்ம பக்கத்து ஊர்ல நேத்து ராத்திரி” அவ்ளோதான். பக்கத்து ஊருன்னு சொல்றதுதான் அதுல இருக்கற பெரிய வேலைப்பாடு. யாரு கேட்டாலும் அவங்களுக்கு ஒரு பக்கத்து ஊரு இருக்கும் இல்லையா.

எனக்கு அதை அனுப்புனது எங்கம்மா. பங்காளிங்க குரூப்ல வந்துதாம். நான் சும்மா இல்லாம, “யம்மா இதெல்லாம் பொய்ம்மா, யாருக்கும் அனுப்பாத”ன்னேன். அதுக்கு எங்கம்மா சொன்ன பதிலை நான் இன்னி வரைக்கும் தாண்டி வர முடியல. “டேய், பொய்யா இருந்தா போவுது, நெஜமா இருந்தா? உன் அக்கா புள்ளைங்க தெருவுல ஆடிகினு கீதுங்க, நீ பேப்பர்காரன் உனக்கு இன்னா?” இதுக்கு எவன் என்னா பதில் சொல்வான், சொல்லுங்க. ஃபார்வேர்ட் பண்றவங்களை முட்டாள்னு எழுதற கட்டுரைங்களை நிறைய படிச்சிருக்கேன், எனக்கு அது ஒத்துக்காது. அந்த மெசேஜை அனுப்புனது எங்கம்மாவோட பயம், அந்தப் பயம் பேரப்புள்ளைங்க மேல வச்ச பாசத்துல இருந்து வந்தது. அனுப்பறதுக்கு பைசா செலவில்ல. அனுப்பாம விட்டு ஏதாவது ஆயிட்டா, ஆயுசுக்கும் மனசு அடிச்சிக்கும். அவங்க கணக்குல தப்பே இல்ல, ஆனா அந்தக் கணக்குல வராத ஒரு ஆளு இருக்கான், எங்கயோ தெருவுல கம்பளி மூட்டையோட நடந்து வந்துகினு இருக்கறவன்.

நான் ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டய்யா சிரிச்சாரு. “ஒரு கம்ப்ளெயிண்ட் கூட கெடையாது தம்பி, ஒரு புள்ளையும் காணாம போவல, இதை எழுதிக் கெழுதி வெச்சுடாத”ன்னாரு. பேப்பர் ஆபீஸ்ல நியூஸை எடிட் பண்ற டெஸ்க்குக்கு போன் பண்ணி அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம், “தம்பி, ஊரே இதைத்தான் பேசுது, நாம மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்? கடத்தல்னு போட வேணாம், கேள்விக்குறி போட்டுக்கலாம், போலீஸ் மறுக்கறதை கடைசி பாரால வெச்சுடு”ன்னாங்க. வெச்சேன். காலையில பேப்பரைப் பார்த்தா கடைசி பாராவே காணோம். விளம்பரம் ஒண்ணு லேட்டா வந்துச்சாம். எடம் பத்தலன்னா நியூஸை எப்பவும் கீழ இருந்துதான் வெட்டுவாங்க, இந்தத் தொழில்ல இருக்கற எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெரிஞ்சே கீழ வெச்சேன்.

அன்னிக்கு மத்தியானமே அந்த நியூஸை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டுட்டாங்க, மேல, “பேப்பர்லயே வந்துடுச்சு பாருங்க”ன்னு. சாயந்திரம் எங்கம்மா அதை எனக்கே அனுப்பறாங்க! நான் எழுதுன நியூஸு, எனக்கே ஆதாரமா. வாட்ஸ்அப்ல வந்ததை வெச்சு நான் எழுதுனேன், நான் எழுதுனதை வெச்சு வாட்ஸ்அப்ல நம்புனாங்க, செக்கு மாடு மாதிரி ஒரே எடத்துல சுத்தி வந்துடுச்சு. நடுவுல உண்மைன்னு ஒரு சொட்டு எண்ணெய் கெடையாது.

அந்த மாசக் கடைசியிலயே குடியாத்தம் பக்கத்துல ஹிந்தி பேசுன ஒரு ஆளை புள்ளை புடிக்கறவன்னு நெனச்சு அடிச்சே கொன்னுட்டாங்க. மே 9ம் தேதி போளூர் பக்கத்துல அத்திமூர். சென்னையில இருந்து கார்ல குலதெய்வம் கோயிலுக்கு வந்த குடும்பம், வழி கேக்க எறங்கி இருக்காங்க, அங்க இருந்த புள்ளைங்களுக்கு சாக்லேட் குடுத்துருக்காங்க. அவ்ளோதான் அவங்க செஞ்சது. 65 வயசு பாட்டி, அடிச்சே கொன்னாங்க. கூட வந்தவங்களுக்கும் சரியான அடி. அவங்க வடநாட்டுக்காரங்க கூட இல்ல, நம்ம தமிழ்தான் பேசுனாங்க, பேசுனது யாரு காதுலயும் ஏறல. அதே நாள் பழவேற்காட்டுல இன்னொரு ஆளை அடிச்சுக் கொன்னு பாலத்துல தொங்க விட்டாங்க. போளூர் இப்ப திருவண்ணாமலை மாவட்டம், ஆனா எங்க வீட்டுப் பெருசுங்களுக்கு இன்னும் எல்லாம் ஒரே வடாற்காடுதான், 1989ல பிரிச்சதையே அவங்க இன்னும் முழுசா ஏத்துக்கல. பங்காளிங்க குரூப்லயும் பாதி பேரு போளூர், ஆரணி பக்கம்தான். அந்தப் பாட்டியை அடிச்ச கூட்டத்துல யாரு போன்லயாவது என் கட்டிங் இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க வழியும் இல்ல. அதுதான் ராத்திரில வந்து உக்காந்துக்குது.

அப்புறமாத்தான் நான் அந்த வீடியோவை உக்காந்து பார்த்தேன். உங்களுக்கும் வந்திருக்கும், ரெண்டு பேரு பைக்ல வருவாங்க, தெருவுல வெளையாடற புள்ளைங்கள்ல ஒண்ணை தூக்கிப் போட்டுக்கினு பறந்துடுவாங்க. நம்ம ஊர்லதான் நடந்துதுன்னு சத்தியம் பண்ணாங்க. அது பாகிஸ்தான்ல கராச்சியில எடுத்த விழிப்புணர்வு விளம்பரம். முழு வீடியோவுல அந்த பைக்காரங்க திரும்பி வந்து புள்ளையை எறக்கி விட்டுட்டு ஒரு அட்டையைக் காட்டுவாங்க, கராச்சியில புள்ளைங்க காணாம போறதைப் பத்தி எழுதியிருக்கும். அந்தக் கடைசித் துண்டை மட்டும் எவனோ வெட்டிட்டான். இவ்ளோதான் மோசடி. கிராஃபிக்ஸ் இல்ல, கடைசியில நாலு செகண்டை வெட்டுனா போதும். பார்த்துட்டு எனக்கு சிரிப்பும் வந்துச்சு, வயித்தையும் பெசஞ்சுது, ஏன்னா என் நியூஸுல வெட்டுனதும் கடைசித் துண்டுதான்.

அப்ப போலீஸ்காரங்க ஆட்டோவுல மைக் கட்டிக்கினு, “குழந்தை கடத்தல் கும்பல் என்று வரும் வதந்திகளை நம்பாதீர்கள்”னு தெருத்தெருவா போனாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா எங்க தெருவுல வாட்ஸ்அப்பே இல்லாத ஒரு ஆயா ஆட்டோ போன பின்னாடி கேட்டுது, “இன்னாவாம்? புள்ளை புடிக்கறவன் வந்துகீறானாமா?” மைக்ல காத்துல பாதி போச்சு, “நம்பாதீர்கள்” காதுல விழல, “குழந்தை கடத்தல் கும்பல்” மட்டும் விழுந்துச்சு. வதந்தியை முதல்ல சொல்லிட்டு அப்புறம் இல்லைன்னு சொன்னா இந்த கதிதான். இப்ப நான் எழுதறப்ப மொதல் வரியிலயே நடந்தது என்னன்னு எழுதிடுவேன், புரளியை அப்பாலிக்கா ஒரே ஒரு தடவை, அதுவும் தலைப்புல வராது. படிக்கறவங்களுக்கு கொஞ்சம் சப்புன்னு இருக்கும். இருக்கட்டும்.

அந்த வருஷம் ஜூலைலதான் வாட்ஸ்அப் கம்பெனி இந்தியாவுல ஒரு மெசேஜை அஞ்சு சாட்டுக்கு மேல ஒரே நேரத்துல ஃபார்வேர்ட் பண்ண முடியாதுன்னு கொண்டு வந்தாங்க. அதே ஜூலை 1ம் தேதி மகாராஷ்டிராவுல துலே மாவட்டத்துல அஞ்சு பேரை இதே மாதிரி அடிச்சுக் கொன்ன பின்னாடி. 2020 ஏப்ரல்ல, ரொம்ப தடவை சுத்துன மெசேஜ்னா ஒரு நேரத்துல ஒரே ஒரு சாட்டுக்குத்தான்னு ஆக்கிட்டாங்க. நல்லதுதான், வேகம் கொறஞ்சுது. எங்கம்மா என்னா பண்ணாங்க தெரியுமா, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பக் கத்துக்கினாங்க.

இதெல்லாம் போன் வந்த பின்னாடி வந்த நோய்னு நெனச்சா வேலூர்க் கோட்டைக்கு ஒரு தடவை வாங்க. இப்ப அங்க காலேஜ் பசங்க ஜோடி ஜோடியா உக்காந்து இருப்பாங்க, அது வேற கதை. 1806 ஜூலை 10ம் தேதி விடியக்காலைல அந்தக் கோட்டைக்குள்ளதான் சிப்பாய்ங்க எழுந்து நூத்துக்கு மேல வெள்ளைக்காரங்களை கொன்னாங்க, ஆற்காட்டுல இருந்து கில்லஸ்பி குதிரைப்படையோட ஓடி வந்து அடக்குனான், அதுல செத்த சிப்பாய்ங்க அதை விட ரொம்ப ஜாஸ்தி. வேலூர்ல மக்கான்ங்கற எடத்துல அதுக்கு நினைவுத் தூணும் இருக்கு. பள்ளிக்கூடத்துல நமக்கு தலைப்பாகை கதையை சொல்லிக் குடுத்தாங்க, நெத்தியில நாமம் விபூதி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது, புதுசா ஒரு தொப்பி மாதிரி தலைப்பாகை, அதுல தோல்ல செஞ்ச குஞ்சம். சொல்லிக் குடுக்காத ஒண்ணு இருக்கு. அந்த நேரத்துல இந்தப் பக்கம் பூரா ஒரு பேச்சு ஓடியிருக்கு, கம்பெனிக்காரன் புதுசா வெளைஞ்ச உப்பை ரெண்டு குவியலா கொட்டி, ஒண்ணுல பன்னி ரத்தம், இன்னொண்ணுல மாட்டு ரத்தம் தெளிச்சு ஊர் ஊரா விக்க அனுப்பிட்டான், எல்லாரையும் ஒரே மதமா மாத்தறதுக்குன்னு. டவர் இல்லாத காலத்துலயே இது எப்படி நடந்து வந்துருக்கு பாருங்க.

உப்புல ரத்தம் பொய்தான். ஆனா தோல் குஞ்சம் நெஜம், எந்த மிருகத்தோட தோலுங்கறதுலதான் பயம். நாமத்தை அழின்னது நெஜம், தலைப்பாகையைப் போட மாட்டேன்னு சொன்னவனுக்கு கசையடி விழுந்தது நெஜம். நெஜமான புண்ணு ஒண்ணு இருந்தாத்தான் பொய் ஈ வந்து உக்காரும். எனக்குப் புடிச்ச பகுதி இதுக்கு அப்புறம்தான் வருது. வெள்ளைக்காரனும் சும்மா இருக்கல, தன் உத்தரவுதான் காரணம்னு ஒத்துக்க மனசில்லாம தளபதி கிரடாக் பக்கத்துக்காரங்க எல்லாம், இது கோட்டைக்குள்ள இருந்த திப்பு சுல்தான் புள்ளைங்க பண்ண சதின்னு ஒரு கதையை கெட்டியா புடிச்சிக்கினாங்க. அந்தக் குடும்பத்தையே கல்கத்தாவுக்கு ஏத்தி அனுப்பிட்டாங்க. கடைசியில லண்டன்ல இருந்த கம்பெனி மேலிடம், மெட்ராஸ் கவர்னர் பெண்டிங்க், கிரடாக் ரெண்டு பேரையும் வேலையை விட்டு திரும்பக் கூப்பிட்டுக்கிச்சு. அதாவது கீழ இருக்கறவன் மட்டும் புரளியை நம்பறான்னு நெனைக்காதீங்க, மேல இருக்கறவனுக்கும் அவனுக்கு வசதியான புரளி ஒண்ணு எப்பவும் தேவைப்படுது.

2016 பிப்ரவரியில நாட்றம்பள்ளி பக்கத்துல ஒரு காலேஜ் வளாகத்துல ஏதோ வெடிச்சு ஒரு பஸ் டிரைவர் எறந்துட்டாரு. அப்ப அது எங்க வேலூர் மாவட்டம், இப்ப திருப்பத்தூர். விண்கல் விழுந்துதுன்னு அரசாங்கமே அறிவிச்சு நிவாரணமும் குடுத்தாங்க. உலகப் பத்திரிகை பூரா விண்கல்லால எறந்த மனுஷன்னு தலைப்பு, நானும் என் பங்குக்கு எழுதுனேன், எழுதறப்ப ஒரு பெருமை வேற, நம்ம மாவட்டம் உலக மேப்புல வந்துடுச்சுன்னு! ரெண்டு மூணு நாள்ல நாசாக்காரங்க போட்டோவைப் பார்த்துட்டு, இது தரையில நடந்த வெடிப்பு மாதிரிதான் இருக்குன்னுட்டாங்க. அதை எங்க பேப்பர் சின்னதா ஒரு மூலையில போட்டுச்சு. இன்னிக்கும் அந்தப் பக்கம் போனா டீக்கடையில “விண்கல் விழுந்த காலேஜ்”னுதான் வழி சொல்லுவாங்க. இதுல பொய் சொல்லணும்னு யாரும் நெனைக்கல, அவசரம்தான். ஆனா மொதல்ல வந்தது தங்கிடுது, திருத்தம் வந்த வழியே போயிடுது.

கொரோனா நேரத்தைப் பத்தி எழுதுனா தனி புஸ்தகமே ஆகும், ஒண்ணு மட்டும் சொல்றேன். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15ம் தேதி தடுப்பூசி போட்டுக்கினாரு, 16ம் தேதி மாரடைப்புல ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க, 17ம் தேதி காலையில போயிட்டாரு. “தடுப்பூசி போட்ட மறுநாள் விவேக் ஆஸ்பத்திரியில் அனுமதி.” இந்த வரியில ஒரு வார்த்தை பொய் கெடையாது. வக்கீல் வெச்சாலும் தப்பு கண்டுபுடிக்க முடியாது. ஆனா அதைப் படிச்சவன் மனசுல விழுந்தது வேற ஒரு வரி. அக்டோபர்ல மத்திய அரசோட நிபுணர் குழு தடுப்பூசிக்கும் அந்த சாவுக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்றதுக்குள்ள ஆறு மாசம் ஓடிப்போச்சு, ரெண்டாவது அலையும் வந்து போயிடுச்சு. எங்க தெருவுல ஊசி போட மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்ன ஒரு சித்தப்பா, சிஎம்சியில வேலை செய்யற அவரோட மருமக சொன்ன பின்னாடிதான் போனாரு. கெகந்தீப் காங் மாதிரி பெரிய விஞ்ஞானி இருந்த ஆஸ்பத்திரி நம்ம ஊர்ல, டிவியில அவங்களும் மத்த டாக்டருங்களும் தெனமும் பேசுனாங்க, அது அவருக்கு உள்ள போகல. மருமக சொன்னது போச்சு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அதுக்குள்ள நான் பேப்பரை விட்டுட்டேன். வேலூர் வந்து ஒரு சின்ன வெப்சைட்டுக்கு இந்த சரிபார்க்கற வேலை செய்யறேன். பெரிய துப்பறியும் வேலைன்னு நெனைக்கறாங்க, அதெல்லாம் இல்ல, வீடியோவை நிறுத்தி நிறுத்தி படம் புடிச்சு கூகுள்ல தேடறது, கடை போர்டுல என்னா மொழி, வண்டி நம்பர் எந்த ஸ்டேட்டு, போலீஸ்காரன் தொப்பி எந்த மாதிரின்னு பார்க்கறது, அப்புறம் அந்த ஊரு ஸ்டேஷனுக்கோ லோக்கல் நிருபருக்கோ போன் போடறது. கண்ணுதான் வலிக்கும்.

2023 மார்ச். இந்த தடவை புரளி ஹிந்தியில. தமிழ்நாட்டுல பீகார்காரங்களை தேடித் தேடி வெட்டறாங்கன்னு வீடியோ. டிஜிபி சைலேந்திர பாபு வீடியோவுல வந்து, ஒண்ணு திருப்பூர்ல பீகார் தொழிலாளிங்களுக்குள்ளயே நடந்த சண்டை, இன்னொண்ணு கோயம்புத்தூர்ல உள்ளூர்க்காரங்களுக்குள்ள நடந்ததுன்னு சொன்னாரு. பீகார் அரசாங்கமே அதிகாரிங்களை அனுப்பி பார்த்துட்டுப் போனாங்க. இருந்தும் ரயில் ரயிலா கெளம்புனாங்க. ஹோலிக்குப் போறவங்க எவ்ளோ பேரு, பயந்து போறவங்க எவ்ளோ பேருன்னு பிரிச்சுப் பார்க்க முடியல.

நான் காட்பாடி ஸ்டேஷன்ல ரெண்டு நாள் நின்னேன். பீகார் போற சங்கமித்ரா எக்ஸ்பிரஸ் வர்ற நேரத்துக்கு பிளாட்பார்ம்ல நிக்க எடம் இல்ல. எனக்கு அது என்னமோ பண்ணிடுச்சு. வேலூர் எப்படிப்பட்ட ஊரு, காந்தி ரோட்டுல பாதி போர்டு பெங்காலியில இருக்கும், கல்கத்தாவுல இருந்தும் பங்களாதேஷ்ல இருந்தும் வைத்தியத்துக்கு வர்றவங்களுக்கு மீன் குழம்பு சோறு போடறதுக்குன்னே ஹோட்டலுங்க, ஆட்டோக்காரரு கூட பெங்காலி பேசுவாரு. அந்த ஊர்ல நின்னுகினு, நாங்க வெட்ட மாட்டோம்னு நான் ஒருத்தன் கிட்ட சொல்ல வேண்டி இருந்துச்சு.

அவன் ராணிப்பேட்டை பக்கம் தோல் ஷாப்புல வேலை செய்யற பையன், இருபத்தி ரெண்டு இருபத்தி மூணு வயசு இருக்கும். தமிழ் நல்லாவே பேசுனான். “எனக்கு பயம் இல்லண்ணே, எங்க மேஸ்திரி தங்கமானவரு. அம்மாதான் ஊர்ல சோறு தண்ணி இல்லாம அழுவுது”ன்னான். வீடியோ பொய்னு அம்மா கிட்ட சொல்ல வேண்டியதுதானேன்னேன். சொன்னானாம். அதுக்கு அவங்கம்மா என்ன சொல்லிச்சுன்னு அவன் தமிழ்ல சொன்னப்ப எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. “பொய்னா பரவால்ல, நெஜமா இருந்தா என்னா பண்றதுன்னு கேக்குதுண்ணே.”

அஞ்சு வருஷம் முன்னாடி எங்கம்மா சொன்ன அதே வார்த்தை. அப்ப பயந்தது நாங்க, அவனுங்க கும்பல். இப்ப பயப்படறது அவங்க, கும்பல் நாங்க. நான் பையில இருந்த லேப்டாப்பை எடுத்து, எந்த வீடியோ எங்க எடுத்தது, எப்ப எடுத்ததுன்னு எல்லாம் காட்டலாம்னு பார்த்தேன். அவன் அதுக்குள்ள வீடியோ கால் போட்டுட்டான். போனை திருப்பித் திருப்பி பிளாட்பார்ம், டீ ஸ்டாலு, போலீஸ்காரரு, என்னையும் காட்டுனான். நான் கையை கும்புட்டு, தெரிஞ்ச ஹிந்தியில நமஸ்தே மாஜின்னேன். அந்தம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கினு ஏதோ கேட்டுது. “சாப்டீங்களான்னு கேக்குதுண்ணே”ன்னான். ரயில் வந்துச்சு, ஏறிட்டான். ஏப்ரல் கடைசியில ஒரு மெசேஜ் வந்துச்சு, திரும்ப வேலைக்கு வந்துட்டேன்னு.

அதே வருஷம் அக்டோபர்ல தமிழ்நாடு அரசு தகவல் சரிபார்ப்பகம்னு ஒண்ணு தொடங்குனாங்க. அவங்க வேலையில பிரயோஜனம் இருக்கு, நான் மறுக்கல, ஆனா அரசாங்கத்தைப் பத்தின நியூஸை அரசாங்கமே பொய்னு முத்திரை குத்தறது எந்தக் கட்சி பண்ணாலும் எனக்கு நெருடும். மத்திய அரசு இதே மாதிரி ஐடி விதியிலயே கொண்டு வந்ததை 2024ல பாம்பே ஹைகோர்ட் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. எனக்கு அந்தத் தீர்ப்பு சரின்னுதான் படுது, நீங்க வேற மாதிரி நெனைக்கலாம்.

எங்கம்மா இப்ப ரொம்ப மாறிட்டாங்க. எதை அனுப்பறதுக்கு முன்னாடியும் எனக்கு போட்டு “நெஜமா பாரு நைனா”ன்னு கேக்கறாங்க. போன மாசம் ஒரு மெசேஜ். ஏதோ பைப்லைன் ரிப்பேராம், ரெண்டு நாளைக்கு நம்ம ஏரியாவுல தண்ணி வராதாம், புடிச்சு வெச்சுக்கோங்கன்னு. கையெழுத்து இல்ல, தேதி இல்ல, எழுத்துப்பிழை வேற, மேல ரொம்ப தடவை ஃபார்வேர்ட் ஆச்சுன்னு காட்டற ரெட்டை அம்புக்குறி. நான் படிச்ச எல்லா ரூல் படியும் சுத்தமான ஃபேக்கு. “பொய்ம்மா, விடு”ன்னு சொல்லிட்டு தூங்கிட்டேன்.

காலையில குழாயைத் திருப்புனா புஸ்ஸுன்னு காத்துதான் வருது. எங்கம்மா ஒண்ணுமே சொல்லல. ரெண்டு காலி குடத்தையும் கொண்டாந்து என் லேப்டாப் பக்கத்துல வெச்சுட்டு அடுப்படிக்குள்ள போயிட்டாங்க.